தடை, குற்றநீக்கம், சட்டபூர்வமாக்கல்: எட்டு வார இணையவழிப் பாடம் ஒன்றின் மதிப்புரை

முதல் வாரத்தின் மூன்றாவது காணொளியில், திரையின் அடியில் ஓடிய தமிழ் வரி என்னை நிறுத்திவிட்டது. "1971ஆம் ஆண்டு ஜூன் மாதம் அதிபர் நிக்சன், மருந்துப் பயன்பாட்டை நாட்டின் முதல் எதிரி என்று அறிவித்தார்" என்று அது சொன்னது. ஆசிரியர் பேசியது போதைப்பொருளைப் பற்றி. வரியை எழுதிய இயந்திரத்துக்கோ, ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல் என்பதால், வேறுபாடு தெரியவில்லை. காய்ச்சலுக்கு மாத்திரை வாங்கப் போகிறவர்கள் மீதெல்லாம் ஒரு வல்லரசு போர் தொடுத்ததுபோல அடுத்த பத்து நிமிடங்கள் ஓடின. சிரித்துவிட்டுத்தான் தொடர்ந்தேன். ஆனால் எட்டு வாரமும் முடிந்த பிறகு யோசித்தால், பாடத்தின் மையச் சிக்கலே அந்தத் தவறான வரியில் இருந்தது என்று தோன்றுகிறது.

போதைப்பொருள் தடையையும் குற்றநீக்கத்தையும் ஒப்பிட்டுப் படிக்க விரும்புவோருக்காக ஒரு பல்கலைக்கழகம் நடத்தும் இணையவழிப் பாடம் இது. பொதுச் சுகாதாரம் படித்த ஒருவரும் குற்றவியல் சட்டம் படித்த ஒருவரும் மாறி மாறிப் பாடம் எடுக்கிறார்கள். வாரத்துக்கு ஏறத்தாழ ஒன்றரை மணி நேரக் காணொளி, ஒரு வாசிப்புத் தொகுப்பு, இறுதியில் ஒரு சிறு தேர்வு என்ற அமைப்பு. நான் சட்டமும் படித்ததில்லை, மருத்துவமும் அறியேன். செய்தித்தாளில் இவ்விவாதம் வரும்போதெல்லாம் இரு தரப்பும் ஒரே சொல்லை வேறு வேறு பொருளில் எறிந்துகொள்வதைப் பார்த்துச் சலித்துப் போய்த்தான் சேர்ந்தேன்.

அந்தச் சலிப்புக்கு இரண்டாவது வாரம் நல்ல மருந்தாக அமைந்தது. தடை, குற்றநீக்கம், சட்டபூர்வமாக்கல் ஆகிய மூன்றும் ஒரே கோட்டின் மூன்று புள்ளிகள் அல்ல என்பதை ஆசிரியர் பொறுமையாக விளக்குகிறார். குற்றநீக்கம் என்பது சொந்தப் பயன்பாட்டுக்காகச் சிறிதளவு வைத்திருப்பவரைக் குற்றவாளிப் பட்டியலிலிருந்து எடுப்பது மட்டுமே. விற்பவரும் கடத்துபவரும் தயாரிப்பவரும் முன்புபோலவே குற்றவாளிகளாகத் தொடர்வார்கள். சட்டபூர்வமாக்கல் என்றால் விற்பனைக்கே உரிமம், தர விதிமுறை, வரி, வயது வரம்பு எல்லாம் வரும். உருகுவே 2013இலும் கனடா 2018இலும் கஞ்சாவுக்குச் செய்தது சட்டபூர்வமாக்கல். போர்ச்சுகல் செய்தது குற்றநீக்கம். இதில் தெளிவு இல்லாமல் நடக்கும் வாதம், ஒருவர் திருமணத்தைப் பற்றியும் மற்றவர் நிச்சயதார்த்தத்தைப் பற்றியும் பேசிக்கொண்டு சண்டையிடுவதைப் போன்றது.

இந்த வேறுபாட்டை விளக்க ஆசிரியர் எடுத்துக்கொண்ட உதாரணத்தை நான் எதிர்பார்க்கவில்லை. 1920 முதல் 1933 வரை அமெரிக்காவில் நடைமுறையில் இருந்த மதுவிலக்கை நாம் முழுத் தடையின் உச்சமாகவே நினைத்திருக்கிறோம். ஆனால் அந்நாட்டு அரசியலமைப்பின் 18ஆவது திருத்தம் தடுத்தது மதுவைத் தயாரிப்பதையும் விற்பதையும் கொண்டுசெல்வதையும் ஏற்றுமதி இறக்குமதியையும்தான். குடிப்பதை அது குற்றமாக்கவில்லை. இன்றைய கலைச்சொல்லில் சொன்னால், குடிப்பவரைப் பொறுத்தவரை அது குற்றநீக்கக் காலம். ஆயுதக் கும்பல்கள் வளர்ந்ததும், தொழிற்சாலைகளுக்கான ஆல்கஹாலில் குடிக்க முடியாதபடி அரசு உத்தரவின்படி கலக்கப்பட்ட மெத்தனால் திருட்டு மதுவில் புகுந்து உயிர்களைக் குடித்ததும், நுகர்வோர் தண்டிக்கப்படாத ஓர் ஏற்பாட்டின் கீழேதான் நடந்தன. வாங்குபவரை விட்டுவிட்டு விற்பவரை மட்டும் சட்டத்துக்கு வெளியே நிறுத்தினால், விற்பவர் எதைக் கலக்கிறார் என்று கேட்க யாருக்கும் வழி இருக்காது. இந்த ஒரு காணொளியை மட்டும் இரண்டு முறை பார்த்தேன்.

அதே வாரத்தில், தடையின் கீழ் சரக்கு ஏன் வீரியம் கூடிக்கொண்டே போகிறது என்பதற்கான விளக்கமும் வருகிறது. ஒளித்துக் கொண்டுபோக வேண்டியவருக்கு இடம்தான் செலவு. பீப்பாய் பீரைவிடக் குப்பிச் சாராயமும், அபினைவிட ஹெராயினும், ஹெராயினைவிடச் செயற்கைப் போதைப்பொருளான ஃபென்டானிலும் குறைந்த இடத்தில் கூடுதல் போதையை அடக்கும். ஹெராயினைப்போல ஏறத்தாழ 50 மடங்கு வீரியம் கொண்ட ஃபென்டானிலில் 2 மில்லிகிராமே பழக்கமில்லாத ஒருவரின் உயிரைப் பறிக்கப் போதும். ஆசிரியர் ஒரு பென்சில் முனையில் உப்பைத் தொட்டு எடுத்து, ஏறத்தாழ இவ்வளவுதான் என்று கேமராவுக்கு நேராகக் காட்டினார். அதற்குப் பிறகு எந்த வரைபடமும் தேவைப்படவில்லை.

மூன்றாவது வாரம் சர்வதேச ஒப்பந்தங்களுக்கு. 1961, 1971, 1988 ஆகிய மூன்று ஆண்டுகளின் ஐ.நா. உடன்படிக்கைகளைப் பிரிவு பிரிவாக வாசிக்கிறார்கள்; தூக்கம் வருவதைத் தவிர்க்க முடியாது. கவனித்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: சொந்தப் பயன்பாட்டுக்கு வைத்திருப்பதையும் குற்றமாக்கச் சொல்லும் 1988 உடன்படிக்கை, அந்தந்த நாட்டின் அரசியலமைப்புக்கும் சட்ட முறையின் அடிப்படைகளுக்கும் உட்பட்டே அதைக் கோருகிறது. குற்றநீக்கம் செய்த நாடுகள் நுழைந்த சந்து அதுதான். கோகெய்னுக்கு மூலமான கோகா இலையை மெல்லும் மரபுக்காக பொலிவியா 1961 உடன்படிக்கையிலிருந்தே வெளியேறி, 2013இல் அந்த ஒரு விலக்கோடு மீண்டும் உள்ளே வந்த கதையை மட்டும் சற்றுச் சுவையாகச் சொன்னார்கள்.

நான்காவது, ஐந்தாவது வாரங்கள் முழுக்கப் போர்ச்சுகலுக்குத்தான். பாடத்தின் பலமும் பலவீனமும் இங்கேதான் சேர்ந்து கிடக்கின்றன. 1990களின் இறுதியில் மக்கள்தொகையில் நூற்றுக்கு ஒருவர் ஹெராயினில் சிக்கியிருந்ததாக மதிப்பிடப்பட்ட அந்நாடு, 2001 ஜூலை 1 முதல், பத்து நாள் தேவைக்கு மேற்படாத அளவை வைத்திருப்பதைக் குற்றவியல் நீதிமன்றத்திலிருந்து எடுத்து, சுகாதாரத் துறையின் கீழ் இயங்கும் ஆணையங்களிடம் ஒப்படைத்தது. ஹெராயின் என்றால் 1 கிராம், கஞ்சா இலை என்றால் 25 கிராம் என்று பொருளுக்குப் பொருள் வரம்பு வகுக்கப்பட்டது. ஒவ்வோர் ஆணையத்திலும் மூன்று பேர்: ஒருவர் சட்டம் தெரிந்தவர், மற்ற இருவர் மருத்துவம், உளவியல், சமூகப்பணி போன்ற துறைகளைச் சேர்ந்தவர்கள். முதல் முறை பிடிபட்டு, அடிமைப்பழக்கமும் இல்லாதவர் என்றால் நடவடிக்கை நிறுத்திவைக்கப்படும்.

இதை வெறுமனே சொல்லிவிட்டுப் போகாமல், அந்த ஆணையத்தில் நம்மையே உட்கார வைக்கும் ஒரு பயிற்சியை அமைத்திருக்கிறார்கள். கற்பனையான ஒரு கோப்பு திரையில் திறக்கும்: 23 வயது இளைஞன், சட்டைப்பையில் 0.8 கிராம் ஹெராயின், மூன்று மாதமாக வேலை இல்லை, அக்காவின் வீட்டில் தங்கல். அவனிடம் கேட்க நமக்கு நான்கு கேள்விகள் மட்டுமே. நான் எடுத்த எடுப்பில் "யாரிடம் வாங்கினாய்?" என்பதைத் தேர்ந்தெடுத்தேன். அந்த இளைஞன் வாயை மூடிக்கொண்டான், திரையின் ஓரத்தில் "இது காவல்துறையின் கேள்வி, நீங்கள் காவல்துறை அல்ல" என்று ஒரு வரி வந்தது. இரண்டாவது கேள்வியிலும் சறுக்கினேன். "கடைசியாக எப்போது நன்றாகத் தூங்கினாய்?" என்ற கேள்விக்குத்தான் அவன் பேசத் தொடங்கினான். என் மனத்தில் எவ்வளவு ஆழமாக ஒரு விசாரணை அதிகாரி உட்கார்ந்திருக்கிறார் என்பது எனக்கே தெரிந்தது அப்போதுதான். இப்பாடத்தில் வேறெதையும் பார்க்க நேரமில்லாதவர்கள் இந்த இருபது நிமிடப் பயிற்சியை மட்டுமாவது செய்து பார்க்கலாம்.

குறை என்னவென்றால், பயிற்சியில் இவ்வளவு நுட்பமாக இருந்தவர்கள், விளைவுகளைப் பேசும்போது ஒரே காரணத்தின் மீது எல்லாவற்றையும் ஏற்றிவிடுகிறார்கள். ஊசி மூலம் போதை ஏற்றிக்கொள்வோரிடையே புதிதாகக் கண்டறியப்பட்ட எச்.ஐ.வி. தொற்றுகள், சட்டம் வந்த காலத்தில் ஆண்டுக்கு ஆயிரத்துக்கு மேல் இருந்து, பின்னாளில் சில பத்துகளாகச் சுருங்கியது உண்மை. ஆனால் மருந்துக்கடைகள் வழியாகப் பழைய ஊசியை வாங்கிக்கொண்டு புது ஊசி கொடுக்கும் திட்டம் அங்கே 1993லேயே தொடங்கிவிட்டது. ஹெராயினுக்கு மாற்றாகக் கண்காணிப்பில் மெத்தடோன் என்ற மருந்தைத் தரும் சிகிச்சையும் அதே காலகட்டத்தில் பெரிதாக விரிவடைந்தது. இதைப் பத்தொன்பதாவது நிமிடத்தில் ஒரே வாக்கியத்தில் கடந்துவிட்டு, 2001இல் செங்குத்துக் கோடு போட்ட வரைபடத்தை ஆறு நிமிடம் திரையில் நிறுத்துவது நியாயமான கற்பித்தல் ஆகாது. கோட்டுக்கு இடப்பக்கம் நடந்ததையும் சொல்ல வேண்டும். அதைவிட வருத்தம் தந்தது, 2012இல் சிக்கன நடவடிக்கைகளின்போது இந்த ஏற்பாட்டின் முதுகெலும்பாக இருந்த தேசிய நிறுவனம் கலைக்கப்பட்டு, சிகிச்சைப் பொறுப்பு வட்டாரச் சுகாதார நிர்வாகங்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லாதது. சட்டம் ஓர் எழுத்துக்கூட மாறாமல் நிற்கும்போதே அதன் பின்னால் நின்ற கட்டடம் இளைத்துப் போக முடியும் என்பதற்கு அதைவிட நல்ல பாடம் கிடைக்காது.

போர்ச்சுகலுக்கு இரண்டு வாரம் என்றால், அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்துக்குப் பதினொரு நிமிடம். 2020 நவம்பரில் வாக்காளர்களில் ஏறத்தாழ 58 விழுக்காட்டினர் ஆதரித்த 110ஆவது தீர்மானம் 2021 பிப்ரவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. சிறிதளவு வைத்திருந்தால் 100 டாலர் அபராதச் சீட்டு. சீட்டில் உள்ள எண்ணை அழைத்துச் சுகாதார மதிப்பீட்டுக்கு உட்பட்டால் அபராதமும் தள்ளுபடி. பெரும்பாலோர் அபராதமும் கட்டவில்லை, அந்த எண்ணையும் அழைக்கவில்லை. சிகிச்சைக்கென்று கஞ்சா வரியிலிருந்து ஒதுக்கப்பட்ட பணம் உரிய அமைப்புகளின் கைக்குப் போய்ச் சேரவே வெகு காலம் ஆயிற்று. அதே ஆண்டுகளில் ஃபென்டானில் அமெரிக்காவின் மேற்குக் கடற்கரையை எட்டியது. 2024இல் சட்டமன்றமே அதைத் திருத்தி, செப்டம்பர் 1 முதல் வைத்திருப்பதை மீண்டும் குற்றமாக்கியது. காணொளி அதற்கு முன்பே பதிவானது என்பதால், இந்தத் திருப்பம் நான்கு பத்தி எழுத்துக் குறிப்பாகப் பின்னால் ஒட்டப்பட்டிருக்கிறது. ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படுகிறது என்று விளம்பரப்படுத்தும் பாடத்துக்கு இது அழகல்ல.

நான் ஆசிரியராக இருந்திருந்தால் போர்ச்சுகலையும் ஓரிகனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருப்பேன். ஒரு பக்கம் ஒரு மேசை, மூன்று பேர், எதிரே ஒரு நாற்காலி. மறுபக்கம் ஒரு துண்டுச் சீட்டும் ஒரு தொலைபேசி எண்ணும். இரண்டுக்கும் சட்டப் புத்தகத்தில் ஒரே பெயர். முந்தைய பயிற்சியில் அந்த இளைஞனைப் பேச வைக்க எனக்கு மூன்று கேள்விகள் ஆயின. ஒரு சீட்டு அவனிடம் எந்தக் கேள்வியும் கேட்காது. ஓரிகனில் போதைப்பொருளை அளவுக்கு மீறி எடுத்ததால் நேரும் மரணங்கள் கூடியதற்குச் சட்டமே காரணமா என்பதில் ஆய்வுகள் முதலில் முரண்பட்டன; ஃபென்டானிலின் வருகையைக் கணக்கில் எடுத்த ஆய்வில் அந்தத் தொடர்பு மறைந்துவிட்டது. எழுத்துக் குறிப்பு இதைச் சரியாகவே சொல்கிறது என்பதையும் பதிவு செய்கிறேன்.

ஆறாவது வாரத்தில் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா வருகிறது. 2023 ஜனவரி 31 முதல் மூன்று ஆண்டுச் சோதனையாக, ஓபியாய்டுகள் (ஹெராயின், ஃபென்டானில் போன்றவை), கோகெய்ன், மெத்தாம்பெட்டமின், எக்ஸ்டசி எனப்படும் எம்.டி.எம்.ஏ. எல்லாம் சேர்த்து 2.5 கிராம் வரை வைத்திருப்பவர்களைக் கைதுசெய்வதில்லை என்று ஏற்பாடு. 2024 மே மாதம் பொது இடங்களில் அது திரும்பப் பெறப்பட்டது. இங்கே ஒரு நகரும் அளவுகோலைக் கொடுத்து, வரம்பை எங்கே வைப்பீர்கள் என்று நம்மையே கேட்கிறார்கள். குறைத்தால் அடிமையானவர் அன்றாடம் கைதாவார், கூட்டினால் சில்லறை வியாபாரி நுகர்வோர் வேடம் போடுவார் என்பது உடனே புரிகிறது. ஆனால் கிராம் கணக்கு எதைத்தான் அளக்கிறது என்ற கேள்வியை அளவுகோல் எழுப்பவில்லை. 2 மில்லிகிராம் கொல்லும் பொருள் எவ்வளவு கலந்திருக்கிறது என்று வைத்திருப்பவருக்கே தெரியாதபோது, தராசு சொல்லும் எடைக்கு என்ன பொருள்? இரண்டாவது வாரப் பென்சில் முனையை ஆசிரியர்களே மறந்துவிட்டார்கள் என்றுதான் எண்ண வேண்டியிருக்கிறது.

ஏழாவது வாரத்தின் சுவிட்சர்லாந்துப் பகுதிதான் என் கணக்கில் பாடத்திலேயே சிறந்த ஒரு மணி நேரம். ஜூரிச் நகரின் பிளாட்ஸ்பிட்ஸ் பூங்காவில் ஹெராயின் பயன்பாட்டை அதிகாரிகள் கண்டும் காணாமல் விட்டிருந்தார்கள்; கூட்டம் பெருகி, ஊசிகளும் உடல்களும் புல்தரையில் கிடக்கும் நிலை வந்து, 1992 பிப்ரவரியில் பூங்காவை மூடினார்கள். கூட்டம் கலையவில்லை, அருகிலிருந்த லெட்டன் என்ற கைவிடப்பட்ட ரயில் நிலையத்துக்கு நகர்ந்தது. அதையும் 1995இல் மூடினார்கள். இம்முறை அப்படியொரு திறந்தவெளிக் கூடாரம் மீண்டும் உருவாகவில்லை. இரண்டு மூடல்களுக்கும் இடையில், 1994இல், வேறு எந்தச் சிகிச்சையும் பலிக்காதவர்களுக்கு மருத்துவமனையிலேயே, கண்காணிப்பில், தூய ஹெராயின் வழங்கும் திட்டம் தொடங்கியிருந்தது. சகித்துக்கொள்வதும் சிகிச்சை தருவதும் வேறு வேறு என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. காவல்துறை அங்கே விலக்கப்படவில்லை. தடுப்பு, சிகிச்சை, தீங்கு குறைப்பு, சட்ட அமலாக்கம் என்ற நான்கு தூண்களில் அதுவும் ஒன்று. 2008 பொது வாக்கெடுப்பில் 68 விழுக்காட்டினர் இந்த ஏற்பாட்டை ஆதரித்தார்கள். அதே தேதியில் கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கும் முன்மொழிவை அவர்கள் நிராகரித்ததையும் சேர்த்துச் சொன்னதற்காக ஆசிரியருக்கு ஒரு பாராட்டு.

இறுதி வாரத்தில் தடையை ஆதரிப்போரின் வாதம் வர வேண்டும். வருகிறது, ஆனால் அதன் மிக மோசமான முகத்தோடு மட்டும். 2003இல் தாய்லாந்தில் மூன்றே மாதங்களில் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டதும், 2016 முதல் பிலிப்பைன்சில் அரசுக் கணக்கின்படியே ஆறாயிரத்துக்கு மேற்பட்டோர் இறந்ததும் சொல்லப்பட வேண்டியவைதான். ஆயினும் அந்தக் கொலைகளைக் கண்டிக்கும் எத்தனையோ பேர் தடையை ஆதரிக்கிறார்கள். அவர்களுடைய வலுவான வாதம் இங்கே ஒலிக்கவே இல்லை. உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 2019இல் மதுவால் இறந்தவர்கள் 26 லட்சம். போதைப்பொருள்களால் இறந்தவர்கள் 6 லட்சம். சட்டபூர்வமான சரக்கு கூடுதலான பேரைக் கொல்கிறதே, அது மலிவாகவும் எங்கும் கிடைப்பதாலும்தானே என்று ஒருவர் கேட்டால், அதை மடமை என்று தள்ளிவிட முடியாது. ஆப்கானிஸ்தானில் 2022இல் விதிக்கப்பட்ட தடைக்குப் பிறகு அபின் சாகுபடி அடுத்த ஆண்டே 95 விழுக்காடு குறைந்ததையும், அதனால் உழவர்கள் வருமானத்தை இழந்ததையும் ஒன்றாக வைத்துப் பேசியிருக்கலாம். தடை ஒருபோதும் பலிக்காது என்ற ஒற்றை வாக்கியத்தை விட்டுவிட்டு, எங்கே, என்ன விலை கொடுத்துப் பலிக்கிறது என்று கேட்டிருந்தால் இந்த வாரம் பிழைத்திருக்கும்.

தடை ஆதரவாளர்களுக்கு உதவக்கூடிய இன்னொரு சான்றும் அதே வாரத்தில், வேறு தலைப்பின் கீழ் கிடக்கிறது. அமெரிக்காவின் ஓபியாய்டு நெருக்கடி தெருமுனையில் தொடங்கவில்லை. 1996இல் சந்தைக்கு வந்த ஆக்ஸிகான்டின் என்ற வலி நிவாரணி மாத்திரை, அடிமைப்படுத்தும் ஆபத்து குறைவு என்ற விளம்பரத்தோடு மருத்துவர்களின் சீட்டு வழியாகவே வீடுகளுக்குள் போனது. தயாரித்த பர்டூ நிறுவனம் 2007இல் தவறான தகவலோடு விற்றதாக நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. உரிமம், தர விதி, மருத்துவர் கையெழுத்து எல்லாம் இருந்தும் நடந்தது இது. இயந்திரத் தமிழ் வரி இந்தக் காணொளியிலும் "மருந்து" என்றே சொன்னது. எட்டு வாரத்தில் அது முழுக்கச் சரியாகச் சொன்ன இடம் இதுதான்.

தேர்வுகள் சுமார்தான். எந்த ஆண்டு, எத்தனை கிராம், எத்தனையாவது பிரிவு என்று கேட்கிறார்களே தவிர, ஆணையப் பயிற்சியில் கற்றதைச் சோதிக்கும் ஒரு வினாவும் இல்லை. காணொளிகளின் ஒலி தெளிவு. எழுத்து வடிவத்தைத் தரவிறக்கிக்கொள்ளலாம். கைப்பேசியில் அளவுகோல் பயிற்சி விரலுக்கு நழுவுகிறது, கணினியில் செய்வது நல்லது. சான்றிதழுக்குத் தனிக் கட்டணம் உண்டு. நான் வாங்கவில்லை, தேவையும் படவில்லை. இதழியல், சமூகப்பணி, சட்டம் ஆகிய துறைகளில் இருப்பவர்களுக்கு இரண்டு, நான்கு, ஏழு ஆகிய வாரங்களை அழுத்தமாகப் பரிந்துரைப்பேன். வீட்டில் ஒருவர் இந்தப் பழக்கத்தில் சிக்கியிருப்பதால் வழி தேடி வருகிறவர்களுக்கு இது உதவாது. அவர்கள் நேரே மருத்துவரிடம் போவதே நல்லது. ஐந்துக்கு மூன்றரை மதிப்பெண் கொடுக்கிறேன். ஓரிகனுக்கு இன்னும் ஒரு மணி நேரம் ஒதுக்கியிருந்தால் நான்காகியிருக்கும்.

தமிழ் வரிகளைப் பற்றி நான்காம் வாரத்திலேயே பாடத்தை நடத்துவோருக்கு விளக்கமாக எழுதியிருந்தேன். மரியாதையாகப் பதில் வந்தது. பிழை திருத்தப்பட்டுவிட்டதாகச் சொன்னார்கள். படிப்பை முடித்த பிறகு ஒரு நாள் திறந்து பார்த்தேன். உண்மையிலேயே திருத்தியிருந்தார்கள்: எல்லா "மருந்தும்" இப்போது "போதைப்பொருள்" ஆகிவிட்டது. அதன்படி உருகுவேயில் 2017 முதல் கஞ்சா விற்பது போதைப்பொருள்கடைகளில். போர்ச்சுகலில் புது ஊசி வாங்கப் போவதும் அங்கேதான். மெத்தடோன் சிகிச்சையில் இருப்பவர் தினமும் காலையில் செவிலியரின் முன்னால் நின்று தம்முடைய போதைப்பொருளைக் குடித்துவிட்டு வேலைக்குப் போகிறார். மறுபடியும் எழுத வேண்டும்.